அபேட்சகரும் அனுபவமும்

ஓட்டுக் கேட்டு வருவோர் நம்மிடம் கொணரும் சரக்குகள் பலதிறத்தன. ஒருவர் கட்சியின் பெயரைக் கொணர்வார். ஒருவர் கல்விப் பட்டங்களைக் காட்டுவார். ஒருவர் தம் குடும்பப் பெருமையைக் குறிப்பாகவேனும் உணர்த்துவார். மற்றொருவர் நாளை தாம் செய்யப்போகும் நன்மைகளை வரிசையாக அடுக்குவார். இவர்கள் அனைவரும் ஏதேனுமொரு கட்டத்தில் எடுத்தாளும் சொல் ஒன்று உண்டு. அதுவே 'அனுபவம்' என்பது. "எனக்கு அனுபவம் உண்டு, அவருக்கு இல்லை" என்பது ஒரு பக்கத்து வாதம். "அனுபவசாலிகள் இத்தனை காலமாகச் செய்ததென்ன? புதியவருக்கு இடங்கொடுங்கள்" என்பது மறுபக்கத்து வாதம். இரண்டும் கேட்குங்கால் நியாயமாகவே தோன்றும். எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்று திகைத்து, முடிவில் தெரிந்த முகத்துக்கோ தெரிந்த சின்னத்துக்கோ ஓட்டைப் போட்டுவிட்டு வீடு திரும்புவோர் நம்மவருள் பலர்.

அனுபவம் என்றால் யாது? ஆண்டுகளின் எண்ணிக்கையா? வகித்த பதவிகளின் பட்டியலா? தோட்டப்புறத்தில் வாழ்ந்த நம் மக்களுக்கு இதனை விளக்கப் பெருநூல்கள் வேண்டியதில்லை. அக்காலத்தில் இருபதாண்டு பெரிய கங்காணியாயிருந்தவருக்கு அனுபவம் இல்லையென்று யார் சொல்ல முடியும்? ஆள் சேர்க்கத் தெரியும்; பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடத் தெரியும்; துரையின் முகக்குறிப்பை அறியத் தெரியும்; தலைக்காசை எண்ணி வாங்கத் தெரியும். ஆனால் அவ்வளவு அனுபவமும் யார் பொருட்டுப் பயன்பட்டது? லயத்தில் கிடந்த தொழிலாளியின் பொருட்டா, பங்களாவில் இருந்த துரையின் பொருட்டா? இந்தக் கேள்வி எழுந்தவுடனே, 'அனுபவம்' என்ற சொல் தனியாக நிற்கும் ஆற்றலற்றது என்பது விளங்கிவிடுகிறது. எதில் அனுபவம், யாருக்காகப் பெற்ற அனுபவம், அதற்குக் கணக்கு ஒப்புவிக்கப்பட்டதா என்ற மூன்றும் சேர்ந்தாலன்றி அச்சொல்லுக்குப் பொருளில்லை. சிங்கப்பூரின் தேர்தல் சரித்திரத்தை ஒருமுறை புரட்டிப் பார்ப்போர்க்கு இவ்வுண்மை நன்கு புலப்படும்.

உத்திரமேரூர் ஓலை

சிங்கப்பூருக்கு வருமுன் நம் முன்னோரின் ஊர் ஒன்றைக் காண்போம். காஞ்சிபுரத்துக்கு அண்மையிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை அவை விரித்துரைக்கின்றன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். குடவோலை என்று நாம் பெருமையோடு பேசுவது இதனையே.

அந்தத் தகுதிகளுள் காரியத் திறமையும் ஒன்று. வயது முப்பத்தைந்துக்கு மேலும் எழுபதுக்குக் கீழும் இருத்தல் வேண்டும் என்பது இரண்டாம் கல்வெட்டின் விதி. ஆனால் அவ்வூரார் வயதோடும் திறமையோடும் நிறுத்திக்கொள்ளவில்லை. முந்திய மூன்றாண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயர் மீண்டும் குடத்தில் விழலாகாது என்றனர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவர் மீண்டும் வரலாகாது என்றதோடு, அவருடைய நெருங்கிய உறவினரையும் விலக்கினர். அனுபவத்தை அவர்கள் மதித்தார்கள். ஆனால் கணக்குக் காட்டாத அனுபவத்தைக் குற்றமாகவே கொண்டார்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் எழுந்த இக்கருத்து இன்றும் பழமைப்பட்டதன்று.

இதைச் சொல்லும்போது மறுபுறத்தையும் மறைத்தல் நேர்மையாகாது. அது பிராமணர் சபை. காணிநிலம் உடையோரே, வேதம் கற்றோரே அதற்கு உரியோர். உழுது பயிரிட்டவனுக்கும், ஏரிக்கரையில் மண் சுமந்தவளுக்கும் அக்குடத்தில் ஓலை இல்லை. ஏரி வாரியத்தில் அமர்ந்தவனைக் காட்டிலும் ஏரியைப் பற்றி அதிகம் அறிந்தவன் வெளியே நின்றான். எந்த அனுபவம் அனுபவமாக எண்ணப்படும் என்பதை எப்போதும் உள்ளே இருப்பவர்களே முடிவு செய்கிறார்கள். இதுவும் அக்கல்வெட்டு நமக்குக் கற்பிக்கும் பாடமே.

1948: வக்கீல்களின் சபை

சிங்கப்பூரில் முதற் பொதுத் தேர்தல் 1948 மார்ச் 20ஆம் நாள் நடைபெற்றது. அதற்குமுன் சட்டசபை உறுப்பினர்கள் மக்களால் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். கவர்னர் தாம் விரும்பியோரை நியமித்து வந்தார். நம்மவர் தேக்காவிலிருந்து சிறிது தூரம் நடந்தால் அடையும் பேரர் பார்க் திடலின் பெயரே அதற்குச் சான்று. முனிசிபாலிட்டியின் தலைவராகப் பல்லாண்டு இருந்த ஆங்கிலேய அதிகாரி பேரரின் பெயரை அத்திடல் தாங்கி நிற்கிறது. அனுபவம் மிக்கவரே, எனினும் அவரைத் தேர்ந்தெடுக்க இவ்வூர் மக்களில் ஒருவரும் ஓட்டுப் போட்டதில்லை.

1948இல் இருபத்திரண்டு பேர் கொண்ட சட்டசபையில் ஆறு இடங்கள் மட்டுமே பொதுமக்கள் ஓட்டுக்கு விடப்பட்டன. வர்த்தக சங்கங்களுக்கு மூன்று இடங்கள் இருந்தன. பிரிட்டிஷ் பிரஜைகளுக்கே ஓட்டுரிமை. அவர்களும் தாமே சென்று பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். பதிந்தவர் இருபத்திரண்டாயிரத்துச் சொச்சம் பேர். சீனாவிலிருந்து வந்தோர் பிரஜைகளாகக் கருதப்படாமையால், மக்கள் தொகையில் சிறுபான்மையினரான இந்தியர், அவ்வாக்காளர் பட்டியலில் மிகப்பெரிய வகுப்பினராய் இருந்தனர். துறைமுகத்திலும் முனிசிபாலிட்டியிலும் வேலை செய்த தமிழன் கையில் அன்று இருந்த ஓட்டின் எடையை இன்று நினைத்தாலும் வியப்பாயிருக்கிறது.

ஆனால் அவன் எடுத்த தராசில் வைக்க என்ன இருந்தது? 1947இல் தோன்றிய முற்போக்குக் கட்சியின் தலைவர்களான டான் சை செங், ஜான் லேகாக், என். ஏ. மல்லால் ஆகிய மூவரும் வக்கீல்கள். அக்கட்சிக்கு மூன்று இடங்கள் கிடைத்தன. மற்ற மூன்றும் சுயேச்சைகளுக்குச் சென்றன. அவர்களுள் எஸ். சி. கோஹோவும் வக்கீலே. எனினும் அவருக்கு வேறோர் அனுபவமும் இருந்தது. இந்தியர் சங்கத்தின் தலைவராயிருந்த அவர், 1941-42இல் குண்டுகள் விழுந்தபோது இந்தியத் தொண்டர் படையைத் திரட்டி மக்களின் துயர் துடைக்க முன்னின்றவர். மக்கள் நெருக்கடியில் கண்ட முகம் அது. தொழிற்சங்கங்களோடு நெருங்கியிருந்த மலாயா ஜனநாயக யூனியனோ அத்தேர்தலைப் பகிஷ்கரித்தது. ஆகவே துறைமுகத் தொழிலாளியின் வாழ்வைத் தன் வாழ்வாக அறிந்தவர் பெரும்பாலும் போட்டியில் இல்லை. ஆங்கிலம் அறியாதவர் அபேட்சகராக நிற்கவும் அக்காலத்தில் வழியில்லை. உத்திரமேரூரில் வேதம் வாயிற்கதவாய் நின்றது போலச் சிங்கப்பூரில் ஆங்கிலம் நின்றது.

இவ்வக்கீல்களின் அனுபவம் பயனற்றது என்று யாரேனும் சொன்னால் அது அநியாயம். சட்டம் எழுதவும், சர்க்கார் உத்தியோகஸ்தரைக் கேள்வி கேட்கவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தொழிலாளி ஓய்வுபெறும் காலத்தில் கையில் காசின்றித் தவிக்காதவாறு, சம்பளத்தில் அவன் ஒரு பங்கும் முதலாளி ஒரு பங்கும் சேர்த்து வைக்கும் சேமநிதித் திட்டத்தைச் சட்டசபையில் வற்புறுத்தியவர்கள் முற்போக்குக் கட்சியினரே. 1953இல் அச்சட்டம் நிறைவேறிற்று. 1955 ஜூலை 1ஆம் நாள், இருவருக்கும் நூற்றுக்கு ஐந்து வீதம் என்ற கணக்கோடு அது நடைமுறைக்கு வந்தது. இன்றும் சிங்கப்பூரில் சம்பளம் வாங்கும் ஒவ்வொரு குடிமகனின் சீட்டிலும் காணும் மத்திய சேமநிதி அவ்வனுபவத்தின் பயன்.

1955: அனுபவம் தோற்ற ஆண்டு

ஆனால் அந்நிதி நடைமுறைக்கு வந்த நாளில், அதற்காகப் பேசிய கட்சி மக்களின் தீர்ப்பில் வீழ்ந்திருந்தது. 1955 ஏப்ரல் 2ஆம் நாள் தேர்தலில் அதற்குக் கிடைத்தவை நான்கே இடங்கள்.

காரணம் யாது? ரெண்டல் கமிஷனின் சிபாரிசுப்படி அரசியலமைப்பு மாறிற்று. முப்பத்திரண்டு பேர் கொண்ட சட்டமன்றத்தில் இருபத்தைந்து இடங்கள் மக்களுக்கு வந்தன. வாக்காளர் பெயர்களைச் சர்க்காரே தானாகப் பதிந்தது. அதனால் வாக்காளர் தொகை ஏறக்குறைய மூன்று லட்சமாயிற்று. 1948இல் ஓட்டுப் போடத் தெரிந்திருந்த சிறுகூட்டத்தின் இடத்தில், பட்டறைகளிலும் பஸ் டிப்போக்களிலும் சந்தைகளிலும் உழைத்த பெருங்கூட்டம் வந்து நின்றது. முற்போக்குக் கட்சியின் தலைவர்களுக்குச் சபையின் விதிகள் தெரியும். இப்புதிய ஓட்டர்களின் தெருக்கள் தெரியா. சுயாட்சி மெல்ல மெல்ல வரட்டும் என்றார்கள். பசித்தவனிடம் பொறுமையைப் பற்றிப் பேசினால் அவன் கேட்பானா? ஜனநாயகக் கட்சி என்ற மற்றொரு செல்வர் கட்சியும் குறுக்கே நின்று அவர்களுடைய ஓட்டுகளைப் பிரித்தது.

கெயின்ஹில் தொகுதியில் ஏழாண்டு சட்டசபை அனுபவமுடைய டான் சை செங்கை எதிர்த்து நின்றவர் டேவிட் மார்ஷல். கொலை வழக்குகளில் பெயர்பெற்ற பாரிஸ்டர். யுத்தகாலத்தில் ஜப்பானியர் சிறையில் வாடியவர். சட்டசபையில் ஒரு நாளும் அமர்ந்தவர் அல்லர். அவரே வென்றார். அவருடைய தொழிலாளர் முன்னணி பத்து இடங்களைப் பெற்றது. அவர் முதல் முதலமைச்சரும் ஆனார். முதலமைச்சருக்கென்று ஓர் அறையும் ஒதுக்காமல், படிக்கட்டின் கீழிருந்த சிற்றறையைக் காட்டிய கவர்னரிடம், மரத்தடியில் மேசை போட்டு அமர்வேன் என்று சொல்லித் தம் உரிமையைப் பெற்றவர் அவர்.

அனுபவமின்மை அவரை வாட்டாமல் இல்லை. பதவியேற்ற சில வாரங்களிலேயே ஹாக் லீ பஸ் வேலைநிறுத்தம் கலகமாயிற்று. 1956இல் லண்டன் பேச்சுவார்த்தை முறிந்தவுடன், முன்பே சொன்ன சொல்லைக் காப்பாற்றி அவ்வாண்டு ஜூனில் பதவி துறந்தார். ஓராண்டும் சில வாரங்களுமே அவருடைய ஆட்சி. ஆயினும் அவ்வாட்சி விட்டுச் சென்றவை சில. மக்கள் நேரில் வந்து தம் குறையைச் சொல்ல வாரந்தோறும் அமைச்சர் அமர்ந்திருக்கும் வழக்கத்தைத் தொடங்கியவர் அவரே. இன்றும் ஒவ்வொரு தொகுதியிலும் நாடாளுமன்ற உறுப்பினர் மக்களைச் சந்திக்கும் இரவுகள் அவ்வழக்கத்தின் தொடர்ச்சி. சட்டமன்றத்தில் ஆங்கிலம் ஒன்றே பேச வேண்டும் என்ற நிலை மாறி, மலாய், மாண்டரின், தமிழ் ஆகியவற்றுக்கும் இடம் வேண்டும் என்ற கொள்கை ஏற்கப்பட்டதும் 1956இலேயே. வாயிற்கதவு திறக்கப்பட்டது.

சேமநிதி, அனுபவசாலிகள் தந்தது. மக்கள் சந்திப்பு, அனுபவமற்றவர் தந்தது. இரண்டும் இன்றுவரை நிற்கின்றன. அனுபவம் உடையவரையே எப்போதும் தேர்க என்போரும், புதியவரையே எப்போதும் தேர்க என்போரும் இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சிந்திக்க வேண்டும்.

சபைக்கு வெளியே பெற்ற அனுபவம்

அதே 1955 தேர்தலில் மக்கள் செயல் கட்சிக்கு மூன்று இடங்கள் கிடைத்தன. அவர்களுள் புக்கித் தீமாவில் வென்ற லிம் சின் சியோங்குக்கு வயது இருபத்திரண்டு. உத்திரமேரூர்க் குடத்தில் அவர் பெயர் விழுந்திருக்க முடியாது. ஆனால் கடை, தொழிற்சாலைத் தொழிலாளர் சங்கத்தை நடத்திய அனுபவம் அந்த இருபத்திரண்டு வயதுக்குள் அடங்கியிருந்தது. தஞ்சோங் பகாரில் வென்ற லீ குவான் யூ, 1951 தேர்தலில் முற்போக்குக் கட்சியின் லேகாக்குக்குத் தேர்தல் ஏஜண்டாயிருந்து அக்களத்தைக் கண்டவர். 1952இல் தபால்காரர் வேலைநிறுத்தத்தில் அவர்கள் தரப்பின் சட்ட ஆலோசகராக நின்றவர். அத்தபால்காரர்கள் பெரும்பாலும் மலாய்க்காரரும் இந்தியருமாயிருந்தனர். சபையில் அமராமலே பொதுவாழ்வின் அனுபவத்தைப் பெறலாம் என்பதற்கு இவர்கள் சான்று.

அதே தேர்தலில் பேரர் பார்க் தொகுதியில் நின்ற ஆசிரியரும் தொழிற்சங்கவாதியுமான தேவன் நாயர் தோற்றார். தொழிலாளர் முன்னணியின் லாசரஸ் வென்றார். தோற்ற தேவன் நாயர் பின்னர்ச் சிறை சென்றார். தொழிற்சங்க இயக்கத்தை நடத்தினார். 1964இல் மலேசிய நாடாளுமன்றத்துக்கு பங்சார் தொகுதியில் வென்றார். 1981இல் சிங்கப்பூர்க் குடியரசின் அதிபரும் ஆனார். தோல்வியும் ஓர் அனுபவமே. அதிலிருந்து ஒருவர் என்ன செய்தார் என்பதைப் பார்த்தல் வேண்டும்.

ஆனால் தொழிற்சங்க அனுபவம் என்றவுடனே நம்பிவிடுவதும் பிழையாம். மார்ஷலுக்குப் பின் முதலமைச்சரான லிம் யூ ஹாக் குமாஸ்தாவாயிருந்து தொழிற்சங்கத் தலைவரானவர். 1948 முதல் நியமன உறுப்பினராகவும், 1951 முதல் தேர்ந்தெடுக்கப்பட்டவராகவும், 1955 முதல் தொழில் அமைச்சராகவும் இருந்தவர். அக்கால அரசியல்வாதிகளுள் அவரைப் போல் எல்லாப் படிகளையும் ஏறி வந்தவர் அரியர். லண்டனில் சுயாட்சியைப் பேசிப் பெற்றுவந்ததும் அவரே. அது அனுபவத்தின் பலன். 1956 அக்டோபரில் தொழிற்சங்கத் தலைவர்களையும் மாணவர் தலைவர்களையும் கைது செய்ததும் அவருடைய அரசாங்கமே. தொழிலாளர் அதை மறக்கவில்லை. பின்னர், 1959 தேர்தலுக்குச் சற்று முன், அவருடைய கல்வி அமைச்சர் சியூ சுவீ கீ வெளிநாட்டுப் பணம் பெற்ற செய்தி வெளிப்பட்டது. அமைச்சர் பதவி விலகினார். விசாரணைக் கமிஷன் அமர்ந்தது. கணக்குக் காட்டாதவனை விலக்கிய உத்திரமேரூர் விதியை மக்கள் தம் கையில் எடுத்துக்கொண்டனர். அவ்வாண்டு மே 30ஆம் நாள், லிம் யூ ஹாக்கின் சிங்கப்பூர் மக்கள் கூட்டணிக்கு ஐம்பத்தொன்றில் நான்கே இடங்கள் கிடைத்தன. மக்கள் செயல் கட்சிக்கு நாற்பத்து மூன்று.

1959இல் ஒரு சுயேச்சை

அத்தேர்தலில் ஓட்டுப் போடுதல் கட்டாயமாயிற்று. பதிந்த வாக்காளர் 5,86,098 பேர். குடியுரிமைச் சட்டம் 1957இல் வந்ததனால் சீனாவிற் பிறந்தோர் லட்சக்கணக்கில் ஓட்டுரிமை பெற்றனர். தமிழரும் தயங்காமல் குடியுரிமை பெறவேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி ஓயாது எழுதியதும் இயக்கம் நடத்தியதும் அக்காலத்தில்தான். மலாயாவில் 1955இல் நடந்த தேர்தலில் வாக்காளருள் இந்தியர் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவாயிருந்த நிலையை அறிந்தோர்க்கு அவ்வியக்கத்தின் அவசரம் விளங்கும். ஓட்டு இல்லாதவனிடம் எந்த அபேட்சகரும் தம் அனுபவத்தைச் சொல்ல வரமாட்டார்.

அந்தப் பேரலையிலே கட்சி எதுவுமின்றித் தனித்து நின்று வென்றவர் ஒருவரே. தேக்காவையடுத்த பேரர் பார்க் தொகுதியில் வென்ற ஏ. பி. ராஜா அவர். போர்ட் டிக்சனில் பிறந்து, ஆக்ஸ்போர்டில் கற்று, பாரிஸ்டரான தமிழர். 1949 முதல் நகரசபையில் உறுப்பினராகப் பணி செய்தவர். குழாய்த் தண்ணீர், சாக்கடை, தெருவிளக்கு, சந்தை என்பன நகரசபையின் வேலை. இவை பெரிய பேச்சுக்கு உரியவையல்ல; ஆயினும் ஒவ்வொரு வீட்டு வாயிலையும் தொடுபவை. அவ்வனுபவம் அவருக்குப் பின்னால் நின்றது. 1964இல் அவர் சட்டமன்றத்தின் சபாநாயகரானார். 1965இல் அது சுதந்திர நாட்டின் நாடாளுமன்றமானபோது அதன் முதற் சபாநாயகரும் அவரே. பின்னர் லண்டனில் தூதராகவும், நாட்டில் நீதிபதியாகவும் இருந்தார். பேரலை எத்திசையில் ஓடினும் ஆளைப் பார்த்து ஓட்டளிக்கலாம் என்பதற்கு அத்தொகுதி ஓர் எடுத்துக்காட்டு.

அண்டையிலுள்ள கம்போங் கிளாமில் அதே நாளில் வென்றவர் எஸ். ராஜரத்தினம். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து, சிரம்பானில் வளர்ந்த பத்திரிகையாளர். அதற்குமுன் எந்தப் பதவியும் வகித்தவர் அல்லர். ஆனால் பல்லாண்டு பகிரங்கமாக எழுதியவரின் கருத்துகள் அச்சில் கிடந்தன. எவரும் எடுத்துப் படித்துப் பார்க்கலாம். அதுவும் ஒருவகைக் கணக்கு ஒப்புவித்தலே. அவர் கலாசார அமைச்சராகி, பின்பு நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சருமானார். இவ்விரு தமிழரும் வெவ்வேறு பாதையில் வந்தவர்கள். ஒருவர் சபையிலும் மற்றவர் அச்சிலும் தம் வேலையை ஊரறியச் செய்திருந்தனர் என்பதே இருவருக்கும் பொது.

மக்கள் போட்ட மறு எடை

நகரசபை அனுபவம் என்பதாலேயே எல்லாம் சரியாகிவிடும் என்றும் கொள்ளலாகாது. 1957 டிசம்பரில் மேயரான ஓங் எங் குவான் மக்களின் குறைகளை நேரே கேட்டு வேலை நடத்தியவர். அதே வேளையில் உத்தியோகஸ்தர்களோடு ஓயாது மோதியவர். 1959இல் அமைச்சரான அவர் மறு ஆண்டே தம் கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டார். ஆனால் 1961 ஏப்ரலில் ஹாங் லிம் இடைத்தேர்தலில் ஆளுங்கட்சியை எதிர்த்து நின்று, நூற்றுக்கு எழுபதுக்கு மேல் ஓட்டு வாங்கினார். கட்சி எழுதிய கணக்கு ஒன்று. தெருவார் வைத்திருந்த கணக்கு வேறொன்று. எனினும் நான்காண்டில், 1965இல், அவர் தம் இடத்தைத் தாமே விட்டு விலகினார். அவர் உழைப்பை நம்பியவர்கள் அவருடைய நிலைபேற்றை எடைபோட்டிருக்க முடியுமா என்பது சிந்திக்கத்தக்கது.

1981இல் ஆன்சன் தொகுதியில் நடந்தது இன்னும் நினைவில் நிற்கத்தக்கது. தேவன் நாயர் அதிபரானதால் காலியான இடம் அது. பாட்டாளிக் கட்சியின் ஜே. பி. ஜெயரத்தினம் நின்றார். முன்பு நீதித்துறையில் பணியாற்றியவர், வக்கீல், 1972இல் பேரர் பார்க்கில் தொடங்கிப் பல தேர்தல்களில் தொடர்ந்து தோற்றவர். 1968 முதல் எல்லாப் பொதுத் தேர்தல்களிலும் ஆளுங்கட்சியே எல்லா இடங்களையும் கைப்பற்றி வந்தது. அக்கட்சிக்கு ஆட்சி அனுபவம் இருபத்திரண்டு ஆண்டு. அது நிறுத்திய அபேட்சகரோ புதியவர். துறைமுக ஊழியர் குடியிருப்புகளைக் காலி செய்ய வேண்டிய நிலையிலிருந்த குடும்பங்களின் மனக்குறையும் அங்கு இருந்தது. அக்டோபர் 31ஆம் நாள் 653 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயரத்தினம் வென்றார். கட்சியின் அனுபவம் வேறு. அதன் பெயரால் வந்து நிற்கும் ஆளின் அனுபவம் வேறு. ஆன்சன் மக்கள் இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தார்கள்.

இவ்வாறு பிரித்துப் பார்ப்பது 1988 முதல் கடினமாயிற்று. குழுத்தொகுதி முறை அவ்வாண்டில் வந்தது. சிறுபான்மையினர் ஒருவரேனும் ஒவ்வொரு குழுவிலும் இருத்தல் வேண்டும் என்பதால், நம் போன்றோர்க்கு நாடாளுமன்றத்தில் இடம் உறுதிப்பட்டது. அந்நன்மையை மறுக்க முடியாது. ஆனால் அமைச்சர் ஒருவரோடு புதியவர் பலர் ஒரே சீட்டில் வருங்கால், ஓட்டர் மூட்டையாகவே எடுக்கவோ விடவோ வேண்டியிருக்கிறது. 2011இல் அல்ஜுனிட் குழுத்தொகுதி மக்கள், வெளியுறவு அமைச்சரே இருந்த குழுவை விட்டுப் பாட்டாளிக் கட்சிக் குழுவைத் தேர்ந்தனர். அமைச்சரின் திறமையைக் குறைவாக மதிப்பிட்டார்கள் என்று அதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. மூட்டையின் மொத்த எடை வேறு, அதிலுள்ள ஒரு பொருளின் எடை வேறு.

சட்டமே எடைபோடும் பதவி

நாடாளுமன்ற அபேட்சகருக்குச் சிங்கப்பூர்ச் சட்டம் அனுபவம் எதையும் கேட்பதில்லை. குடிமகனாய், உரிய வயதினராய், நாட்டில் வசித்தவராய், ஆங்கிலம், மலாய், மாண்டரின், தமிழ் என்ற நான்கில் ஒன்றைப் பேசவும் படிக்கவும் எழுதவும் வல்லவராய் இருந்தால் போதும். நாட்டை ஆளும் பிரதமர் இவ்வழியாகவே வருகிறார்.

அதிபர் பதவிக்கோ கதை வேறு. 1991இல் அதிபரை மக்கள் நேரே தேர்ந்தெடுக்கும் முறை வந்தபோது, அமைச்சர், தலைமை நீதிபதி, சபாநாயகர் போன்ற பதவிகளில் மூன்றாண்டு இருந்தவரோ, பத்துக் கோடி வெள்ளி மூலதனமுள்ள கம்பெனியை நடத்தியவரோதான் நிற்கலாம் என்று விதித்தனர். 2016இல் கம்பெனிக்குரிய அளவு ஐம்பது கோடி வெள்ளிப் பங்குரிமையாக உயர்த்தப்பட்டது. நாட்டின் சேமிப்புக்குக் காவலாய் இருப்பவர் பெரும்பொருளைக் கையாண்டு பழகியவராய் இருக்கவேண்டும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். அதில் நியாயம் உண்டு. ஆனால் தராசு ஓட்டர் கைக்கு வருமுன்னே ஒருமுறை எடைபோட்டு முடிந்துவிடுகிறது. 2017இல் தகுதிபெற்றவர் ஒருவரே என்றாகி, ஓட்டெடுப்பு இல்லாமலே அதிபர் பதவியேற்றார். 2023 செப்டம்பர் 1ஆம் நாள் மூவர் நின்றனர். மூவரும் பெரிய நிறுவனங்களையோ அமைச்சுகளையோ நடத்தியவர்கள். அனுபவத்தில் யாரும் குறைந்தவர் இல்லையாதலால், ஓட்டர் வேறொன்றைப் பார்க்க வேண்டியதாயிற்று. தமிழ் மரபினரான தர்மன் சண்முகரத்தினம் நூற்றுக்கு 70.4 ஓட்டுப் பெற்றார். சீனர் பெரும்பான்மையாயுள்ள நாட்டில் இனம் கடந்து கிடைத்த அவ்வெண்ணிக்கை, ஒருவர் பல்லாண்டு பொதுவாழ்வில் நடந்துகொண்ட விதத்தை மக்கள் கவனித்து வைத்திருந்தார்கள் என்பதைக் காட்டும்.

ஓட்டர் கேட்க வேண்டியவை

தோழர்களே, இச்சரித்திரத்திலிருந்து நாம் கொள்ளத்தக்க முடிவு யாது?

முதலாவது, அனுபவம் உண்டு என்று சொல்பவரிடம், எதில் என்று கேட்க வேண்டும். வழக்காடிய அனுபவம் சட்டம் எழுத உதவும்; வாடகை கட்ட முடியாதவனின் மனத்தை அறிய அது போதாது. கம்பெனி நடத்தியவருக்கு இலாபநட்டம் தெரியும். இலாபமில்லாத இடத்திலும் பஸ் ஓடவேண்டும் என்பது தெரியுமா?

இரண்டாவது, யார் பொருட்டு என்று கேட்க வேண்டும். கங்காணியை மறவாதீர்கள்.

மூன்றாவது, கணக்குக் கேட்க வேண்டும். பதவியிலிருந்த நாளில் செய்தது, செய்யாதது, சொன்னது, மாற்றியது ஆகிய எல்லாம் சபைக் குறிப்புகளிலும் பத்திரிகைகளிலும் கிடைக்கின்றன. பத்தாண்டு பதவியிலிருந்து ஒரு கேள்வியும் கேட்காதவரின் அனுபவம் நாற்காலியின் அனுபவமே. புதியவராயின், சபைக்கு வெளியே, சங்கத்திலோ பள்ளிக்கூடத்திலோ குடியிருப்பிலோ எதற்கேனும் பொறுப்பேற்று முடித்துக் காட்டினாரா என்று பார்க்க வேண்டும். அதுவும் இல்லாதவர் 'புதியவர்' என்ற ஒன்றையே தகுதியாகக் காட்டினால் அது போதாது.

நான்காவது, சாதி, குடும்பம், செல்வம் ஆகியவற்றை அனுபவமென்று பெயர்மாற்றி விற்பாரை அடையாளம் காண வேண்டும். தகப்பனாரின் தலைமை மகனின் அனுபவம் ஆகாது. கோயில் விழாவில் முதல் மாலை பெற்றமை பொதுக்காரியத் தகுதியாகாது.

வள்ளுவர் ஒருவனை ஆராய்ந்து தெளிவதற்கு ஓர் அதிகாரமும், தெளிந்தபின் அவனிடம் வேலையை ஒப்புவிப்பதற்கு அடுத்த அதிகாரமும் வகுத்தார். அவை அரசனுக்குச் சொல்லப்பட்டவை. இன்று அரசன் இல்லை. அவ்விருபது குறளும் ஓட்டர் தலையில் வந்து விழுந்திருக்கின்றன. அபேட்சகரின் அனுபவத்தை நாம் நிறுக்கிறோம்; நிறுப்பவனுக்கும் அனுபவம் வேண்டும். அது ஐந்தாண்டுக்கொருமுறை ஒரு காலைப்பொழுதில் வருவதன்று. இடையிலுள்ள நாட்களில் தம் உறுப்பினர் என்ன பேசினார், எதற்குக் கைதூக்கினார், குறை சொல்லப் போன இரவில் எப்படிக் கேட்டார் என்று குறித்து வைப்பவனுக்கே வருவது. 1948இல் துறைமுகத்திலிருந்து நேரே சென்று பெயர் பதிந்துகொண்ட தமிழ்த் தொழிலாளிக்கு அத்தகைய குறிப்பேடு கிடைத்ததில்லை. நமக்குக் கிடைத்திருக்கிறது. அடுத்த முறை அபேட்சகர் நம் கதவைத் தட்டித் தம் அனுபவத்தைச் சொல்லத் தொடங்குங்கால், அவர் சொல்லி முடிக்கும்வரை மரியாதையோடு கேட்டு, பின்பு நம் குறிப்பேட்டை எடுத்து வந்து அவர்முன் விரிப்போமாக.